பதினேழு நிமிடம் நாற்பது நொடி

1997 ஜூலை 20, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். ஆடி பிறந்தபின் வந்த முதல் ஞாயிறு. மழை இல்லை, மேகம் கால்வாசி. மேல்காற்று பெரம்பலூர்ப் பஸ் ஸ்டாண்டின் புழுதியையெல்லாம் வாரிக்கொண்டு வந்து ரஹீம் பாயின் ரெக்கார்டிங் கடைக் கண்ணாடிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. கடைக்குள் ஊதுபத்தி வாசனையும் சூடேறிய டெக்கின் பிளாஸ்டிக் வாடையும் கலந்திருந்தன. நான் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்தபடி வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தினேன். பாய் பதிவை நிறுத்திவைக்கும் 'பாஸ்' பட்டனை அழுத்தினார். ஐம்பத்தெட்டு நொடி கழித்து விரலை இறக்கினேன். பாய் பட்டனை விட்டார். "டப்" என்று ஒரு சத்தம் விழுந்தது. எவர்சில்வர் தட்டில் ஒரே ஒரு உளுந்து விழுகிற அளவுதான் இருக்கும். அந்தச் சத்தத்தைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

மழை, மேகம், காற்று என்று குறித்துவைப்பது என் உத்தியோகம் விட்டுச்சென்ற வழக்கம். அரியலூர் வட்டாரத்தில் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். எத்தனை ஏக்கர் நிலக்கடலை, எத்தனை கிணறு, எத்தனை ஆடு, காலை எட்டரை மணிக்கு மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் என்று எண்ணியே காலம் போயிற்று. ஆபீஸில் எனக்கு "எண்ணிக்கை சார்" என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கும்படி சொல்வார்கள்.

இளமைக்காலத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோரும் தங்களுடையதை எழுதுகிறார்கள். நானும் என்னுடையதை எண்ணிப் பார்த்தேன். என் அப்பாவை எதிர்த்து நான் பேசியது மொத்தம் இரண்டு தடவை. இரண்டுக்கும் அடி விழுந்தது. பாட்டு, விளையாட்டு, கூட்டாளி என்று தேடினால் ஒரு பக்கம்கூடத் தேறவில்லை. அதனால் என் மகன் இளங்கோவின் பதின்மூன்றாம் பதினான்காம் வயதை எழுதுகிறேன். 1996 ஜூன் முதல் 1997 ஜூலை வரை, அந்தப் பதின்மூன்று மாதமும் நான் அவன் கூடவே சிறுவனாக இருந்தேன். எனக்கு வாய்த்த இளமைக்காலம் நாற்பத்தேழு வயதில்தான் வந்தது.

அதைக் கொண்டுவந்தவர் டேவிட். சிமெண்ட் ஆலை ஒன்றில் இன்ஜினியர், ஊர் ஷில்லாங், வயது முப்பது. எங்கள் வீட்டு மாடி "போர்ஷனு"க்கு வாடகைக்கு வந்தார். அவரிடம் இருந்தவை ஒரு இரும்புக் கட்டில், இரண்டு சூட்கேஸ், ஒரு பெரிய டேப் ரெக்கார்டர், பதினோரு கேசட். அந்தக் கேசட்டுகளில் இருந்தது ராக் இசை. அதுவும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே வெளிவந்த பழைய ராக். அட்டையில் இருந்தவர்களுக்கெல்லாம் தோள்வரை முடி. தெருவில் அதற்கு "கத்துற பாட்டு" என்று பெயர் வைத்தார்கள். முதல் நாள் மாலையே என் மனைவி கையில் முறத்தோடு வந்து நின்றாள்.

"ஏங்க, மேல என்ன, தகர ஷீட்டயா இழுக்கிறாங்க? போய்ச் சொல்லிட்டு வாங்க."

சொல்லத்தான் போனேன். இளங்கோ எனக்கு முன்பே போய் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். பாட்டு முடியட்டும், முடிந்ததும் சொல்லலாம் என்று நானும் நாலாவது படியில் உட்கார்ந்தேன். பாட்டு முடிய ஏழு நிமிடம் ஐந்து நொடி ஆயிற்று. அதில் பாடியது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் ஒருவன் கிட்டாரை வைத்துக்கொண்டு தனியாக வாசிக்கிறான். "பாட்ட விட்டுட்டு இவன் பாட்டுக்குப் போறானே, பாடுறவன் எங்க போனான், டீ குடிக்கவா?" என்றேன். இளங்கோ திரும்பிப் பார்த்தான். "அப்பா, அதுதாம்பா பாட்டே" என்றான்.

அப்படி ஆரம்பித்தது. அதற்குப் பிறகு தினமும் மாலை ஆறு பத்திலிருந்து ஆறு ஐம்பது வரை எங்கள் மாடிப்படியில் சண்டை. படிகள் பதினாறு. நான் நாலாவது படியில், இளங்கோ ஒன்பதாவது படியில், டேவிட் எல்லாவற்றுக்கும் மேலே, வாசலில் காலை நீட்டிக்கொண்டு. என் மைத்துனர் உடையார்பாளையத்திலிருந்து கொண்டுவரும் முந்திரியில் இருபத்தொன்று எண்ணி வறுத்து எடுத்துப்போவேன், ஆளுக்கு ஏழு. நாற்பது நிமிடத்துக்கு ஏழு முந்திரி போதும்.

என் கட்சி எளிமையானது. பாட்டு என்பது மெட்டும் சொல்லும். அதை எழுதியவன்தான் ஆள். விரல் வேகம் காட்டுகிறவன் கூலிக்கு வந்தவன். அவன் இல்லாவிட்டால் இன்னொருவன் வாசிப்பான். பாட்டை எழுதியவன் இல்லாவிட்டால் இரண்டு பேருக்குமே வேலை இல்லை. இளங்கோவின் கட்சி நேர் எதிர். மெட்டை யார் வேண்டுமானாலும் போடலாம், நாலு 'கார்டு', அதாவது சுரக்கூட்டு, தெரிந்தால் போதும். ஆனால் அந்தக் கம்பியை அந்த இடத்தில் அப்படி இழுக்க அந்த ஒரு ஆளால்தான் முடியும் என்பான். கிட்டார் தனி வாசிப்புக்கு அவன் சொன்ன பெயர் "லீடு". நான் அதைக் "கம்பி வேலை" என்பேன். அவனுக்குக் கோபம் வரும். எனக்கு அந்தக் கோபம் பிடிக்கும்.

"குளிக்கும்போது வாயில வந்தா அது பாட்டு. உன் லீடு யாரு வாயில வருது?" என்று ஒருநாள் மடக்கினேன். மறுநாள் காலையில் குளியலறையிலிருந்து ஒரு சத்தம். இளங்கோ ஒரு முழு லீடையும் ஒரு சுரம் விடாமல் வாயாலேயே வாசித்துக்கொண்டிருந்தான். பக்கெட் நிரம்பி வழிகிறது. என் மனைவி கதவைத் தட்டி, "தம்பி, ஒடம்புக்கு என்னாச்சு?" என்கிறாள். ஈரத்தலையோடு வெளியே வந்து, "வந்துச்சாப்பா?" என்றான். தோற்றது நான்தான். ஆனால் அன்று ஆபீஸுக்கு சைக்கிளில் போகும்போது நான் சிரித்துக்கொண்டே போனதாக எதிரே வந்த கிராம உதவியாளர் சொன்னார்.

பாட்டுப் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை என்பதால் ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டேன். பதினோரு கேசட்டில் மொத்தம் தொண்ணூற்று நாலு பாட்டு. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு மார்க் கொடுக்க ஆரம்பித்தோம்: மெட்டுக்கு நாற்பது, சொல்லுக்கு இருபது, வாசிப்புக்கு இருபது, பதிவுக்கு இருபது. வாசிப்புக்கு அறுபது வேண்டும் என்று இளங்கோ ஒரு வாரம் சாப்பாட்டில்கூட முகம் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு பாட்டுக்கு இரண்டு மார்க், அவனுடையது சிவப்பு மையில், என்னுடையது நீல மையில் என்று ஒப்பந்தம் ஆயிற்று. டேவிட்டை நடுவராக இருக்கச் சொன்னோம். அவர் தன் தமிழில், "சார், நான் வாடகை குடுக்கிற ஆளு. ஓனர் சைடு பேசினா தம்பி அடிக்கும். தம்பி சைடு பேசினா ஓனர் காலி பண்ண சொல்லும்" என்று கழன்றுகொண்டார்.

ஒருமுறை ஒரு லீடில் அந்த ஆள் ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை கம்பியைத் தொடுகிறான் என்று எண்ணினேன். நிலக்கடலைச் செடியை எண்ணுவதுபோல ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு, டேப்பைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மூன்று மாலை எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. சும்மாதான் சொன்னேன். இளங்கோ ஒன்பதாவது படியிலிருந்து எழுந்து நாலாவது படிக்கு இறங்கி வந்து, "நீங்களே உக்காந்து எண்ணினீங்களாப்பா?" என்றான். அவன் கண்ணில் அன்று இருந்ததற்கு மார்க் போட என்னிடம் கட்டம் இல்லை.

மூன்றாவது கட்சி பெரம்பலூரில் இருந்தது. பிப்ரவரியில் டேவிட்டின் கேசட் ஒன்று உள்ளே சுற்றிச் சிக்கிக்கொண்டது. அரியலூரில் இருந்த இரண்டு ரெக்கார்டிங் கடைகளில் ஒன்றில் "சினிமா பாட்டுன்னா குடுங்க" என்றார்கள், மற்றொன்றில் டேப்பை அறுத்துவிடுவார்கள் என்று பயம். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரஹீம் பாய் என்று ஒருவர், சவூதியில் எட்டு வருடம் இருந்து நல்ல டெக் ஒன்றைக் கொண்டுவந்து கடை போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு நானும் இளங்கோவும் பஸ் ஏறினோம். பாய் கேசட்டை ஐந்து திருகாணி கழற்றி, சிக்கெடுத்து, ஓடவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மாட்டியவர் கழற்றவில்லை. பாட்டு முழுதும் கேட்டார். அதற்குள் எங்கள் சண்டை அவர் கடையிலும் தொடங்கிவிட்டது.

"தம்பி, நீ சொல்றதும் தப்பு, அத்தா சொல்றதும் தப்பு" என்றார் பாய். "இந்த ட்ரம்ம அடிச்சவன் பெரியாளு இல்ல. எழுதினவனும் பெரியாளு இல்ல. மைக்க எங்க கொண்டாந்து வச்சிருக்கான் பாருங்க ஒருத்தன், அவன்தான் ஆளு. மாடிப்படிக்குக் கீழ வச்சிருக்கான்னு நெனைக்கிறேன். இல்லன்னா இந்தக் காத்து உள்ள வராது. இந்தாங்க, காதுல மாட்டுங்க. எடது காதுல ஒருத்தன் நிக்கிறானா? வலது காதுல ஒருத்தன் நிக்கிறானா? நடுவுல யாரு?"

"யாருமில்லயே" என்றேன்.

"அந்த யாருமில்லாததப் பதியிறதுதான் சார் வித்தை."

திரும்பும் பஸ்ஸில் இளங்கோ, "பாய்க்கு எத்தன மார்க்குப்பா?" என்றான். பதிவுக்கான இருபதை இருபத்தைந்தாக்க இருவரும் ஒத்துக்கொண்டோம். யார் பங்கிலிருந்து ஐந்தைக் கழிப்பது என்று அரியலூர் வரைக்கும் சண்டை. முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பி, "அப்பனும் புள்ளயுமா? பங்காளிவோ மாதிரில்ல அடிச்சுக்கிறீங்க" என்றார். வாழ்க்கையில் என்னைப் பற்றி ஒருவர் சொன்னதில் எனக்கு அவ்வளவு பிடித்தது வேறு எதுவுமில்லை.

எங்களுக்குள் தீராத வழக்கு முப்பத்தொன்றாம் நம்பர் பாட்டு. வெகுநாள் கழித்து வீட்டுக்குத் திரும்பி வந்த ஒருவன் கதவைத் தட்டாமல் வாசலிலேயே நிற்கிறான், பாட்டு அவ்வளவுதான். நான் அகராதியை வைத்துக்கொண்டு சொல்லெல்லாம் எழுதியெடுத்தேன். மெட்டுக்கு நாற்பதுக்கு நாற்பது, சொல்லுக்கு இருபதுக்கு இருபது. தொண்ணூற்று நாலில் வேறு எதற்கும் நான் அப்படிக் கொடுத்ததில்லை. கடைசி அடிக்கு முன்னால் ஒரு லீடு வரும், ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி. அது தேவையில்லை, அவன் நிற்கிறான் என்று சொல்லியாகிவிட்டது, அப்புறம் எதற்கு இழுவை என்பது என் வாதம்.

"கதவத் தட்டலன்னு பாடிட்டான். ஏன் தட்டலன்னு சொன்னானா?" என்றான் இளங்கோ. "அதத்தாம்பா அவன் வாசிக்கிறான்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியுதுப்பா."

"எனக்குத் தெரியலயே."

"நீங்க நொடிய எண்ணுறீங்க. அதான்."

1997 ஜூலை இரண்டாம் வாரத்தில் டேவிட்டுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இருபத்தொன்றாம் தேதி திங்கட்கிழமை விடியற்காலை லாரி. கேசட்டெல்லாம் அவர் அண்ணனுடையவை, கொடுக்க முடியாது. வேண்டியதைப் பதிந்துகொண்டு ஞாயிறு சாயங்காலம் திருப்பித் தந்துவிடுங்கள் என்றார். இளங்கோ இரண்டு நாள் உட்கார்ந்து இருபத்துநான்கு பாட்டைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் எழுதினான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு, பத்தாம் வகுப்பாயிற்றே. "மூணு கேசட்டு வாங்கிக்குங்கப்பா. அறுபதே வாங்குங்க. தொண்ணூறு நிமிஷ டேப்பு மெலிசு, சிக்கிக்கும்னு பாய் சொன்னாரு" என்று என் சட்டைப்பையில் பட்டியலை வைத்துவிட்டுப் போனான்.

பஸ்ஸில் கூட்டிப் பார்த்தேன். இருபத்துநான்கு பாட்டும் சேர்ந்து நூற்று முப்பத்தேழு நிமிடம் நாற்பது நொடி. இரண்டு கேசட் என்றால் நூற்றிருபது நிமிடம். மிஞ்சுவது பதினேழு நிமிடம் நாற்பது நொடி. அதற்காக மூன்றாவது கேசட் வாங்கினால், அதில் நாற்பத்திரண்டு நிமிடம் இருபது நொடி ஒன்றுமில்லாமல் ஓடும். கேசட்டும் பதிவுக் கூலியும் நாற்பத்தேழு ரூபாய். பணம் பையில் இருந்தது, பணம் ஒரு பொருட்டில்லை. வெற்று டேப் ஓடுகிற அந்த நாற்பத்திரண்டு நிமிடம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பாதிக் கிணறு வெட்டி நிறுத்தியதுபோல நெஞ்சில் உறுத்தியது. இத்தனை வருடம் கழித்து இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். லீடுகளை மட்டும் வெட்டிவிட்டு, மெட்டும் சொல்லுமாகக் கொடுத்தால் அவன் ரசித்துக் கேட்பான். ஒரு மாதம் கேட்டபிறகு சொல்லலாம், "பாத்தியா, உன் லீடு இல்லாமலே பாட்டு நிக்குது" என்று. பதின்மூன்று மாத வழக்கில் தீர்ப்பு எனக்கு. பஸ்ஸில் உட்கார்ந்து நினைக்கும்போது அது பெரிய வேடிக்கையாகத் தெரிந்தது.

ரஹீம் பாய்க்கு அப்படித் தெரியவில்லை. "சார், இது வேணாம் சார். ஒரு ஆள ஒக்கார வச்சு ஒரு கைய எடுக்கிற மாதிரி இருக்கு. மூணாவது கேசட்டு நான் சும்மா தரேன், ரெக்கார்டிங் கூலியும் வேணாம்" என்றார்.

"காசு இல்லன்னு சொல்லல பாய். டேப்பு வீணாவுது."

"டேப்பு என்னா சார் டேப்பு. பாஸ் போட்டு எடுத்தா எடத்துக்கு எடம் டப்புன்னு விழும். மறைக்க முடியாது. தம்பிக்குக் காது கூர்மை."

"கேசட்டு பழசு, அப்படித்தான் இருக்கும்னு சொல்லிக்கிறேன்."

பாய் ஸ்டூலில் உட்கார்ந்து டெக்கை ஓடவிட்டார். நான் விரலை உயர்த்தினேன், அவர் அழுத்தினார். மூன்றாவது பாட்டு முப்பத்தொன்றாம் நம்பர். லீடு வருகிற இடம் நெருங்கியதும் பாய் ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டார். "இத நீங்களே அமுக்குங்க சார்." கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே புழுதியில் போய் நின்றார். நான் அழுத்தினேன். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினைந்து இடத்தில் வெட்டினேன். கடைசிப் பாட்டு முடிந்து மூன்று நொடியில் டேப் தீர்ந்து பட்டன் தானாக எழும்பியது. அவ்வளவு துல்லியமாக நான் எந்த அரசாங்கக் கணக்கையும் முடித்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

டேவிட்டிடம் பதினோரு கேசட்டையும் எண்ணித் திருப்பிக் கொடுத்தேன். இருட்டுவதற்குள் அவர் டேப் ரெக்கார்டரும் சாக்கில் கட்டப்பட்டுவிட்டது. திங்கட்கிழமை நாங்கள் எழுவதற்குள் லாரி போய்விட்டது. "எத்தன கேசட்டுப்பா?" என்று கேட்டான் இளங்கோ. "ரெண்டுலயே அடக்கிட்டேன்" என்றேன். "எப்படிப்பா? நீங்க பெரிய ஆளுப்பா!" என்றான். அவன் என்னை அப்படிச் சொன்னது அதுதான் கடைசி.

அன்று மாலை ஆறு பத்துக்கு எங்கள் வீட்டுச் சிறிய டேப் ரெக்கார்டரை எடுத்துவந்து ஒன்பதாவது படியில் வைத்தான். மேலே கதவு பூட்டியிருந்தது. நான் முந்திரி பதினான்குதான் எடுத்துவந்திருந்தேன். முதல் பாட்டில் "டப்" விழுந்தது. இளங்கோ நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டான். மறுபடி "டப்". கேசட் பழசு என்று சொல்வதற்குப் பதில் முந்திரித் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். இரண்டாவது பாட்டிலும் விழுந்தது. அவன் டேப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அப்படியும் நிறுத்தாமல் முப்பத்தொன்றாம் நம்பருக்குக் காத்திருந்தான். கதவைத் தட்டாமல் நிற்கிறவன் வந்தான். "டப்" என்ற அடுத்த கணமே இளங்கோ பட்டனை அழுத்தி டேப்பை நிறுத்திவைத்துவிட்டு, வெட்டுப்பட்ட லீடை வாயால் வாசிக்க ஆரம்பித்தான். ஆரம்பத்திலிருந்து கடைசி இழுப்புவரை, கண்ணை மூடாமல், பூட்டிய மாடிக் கதவைப் பார்த்துக்கொண்டு வாசித்தான். முடித்துவிட்டுப் பட்டனை விட்டான். பாடுகிறவன் கடைசி அடியைப் பாடினான். என் கை தன் பழக்கத்துக்குக் கடிகாரத்தைத் திருப்பியிருந்தது. ஒரு நிமிடம் ஐம்பத்து நான்கு நொடி. அசலைவிட இரண்டு நொடி கூடுதல்.

"மொத்தம் எவ்வளவுப்பா மிச்சம்?" என்றான்.

"பதினேழு நிமிஷம் நாப்பது நொடி."

"சரிப்பா."

அவ்வளவுதான். கத்தவில்லை, அழவில்லை, கேசட்டை எறியவில்லை. எறிந்திருந்தால் பொறுக்கிக் கொடுத்திருப்பேன். முந்திரி ஏழையும் தட்டிலேயே வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டான். என்னை அவன் மன்னிக்காமலும் இல்லை; மறுநாள் என் சைக்கிளுக்குக் காற்று அடித்து வைத்திருந்தான். ஆனால் அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும் "சரிப்பா". உன் ஆளு கிட்டாரைவிடச் சித்தாளு கரண்டி பரவாயில்லை என்று வேண்டுமென்றே சீண்டிப் பார்த்தேன், "சரிப்பா". எழுதினவன்தான் ஆள் என்றேன்; "சரிப்பா". முதல் வாரத்தில் முப்பத்தாறு "சரிப்பா" எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டேன். என் வாழ்நாளில் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டது அது ஒன்றுதான். மார்க் நோட்டில் சிவப்பு மை அந்தத் தேதியோடு நிற்கிறது.

ஷில்லாங் முகவரிக்கு மூன்று கடிதம் எழுதினேன், பதில் இல்லை. ஐப்பசியில் திருச்சிக்கு ஆபீஸ் வேலையாகப் போனபோது நாலு கடை ஏறி இறங்கி, முப்பத்தொன்றாம் நம்பர் முழுசாக இருக்கிற கேசட்டை வாங்கி வந்து அவன் மேசையில் வைத்தேன். ஒன்பது நாள் கழித்துப் பார்த்தேன். மேலே சுற்றியிருந்த கண்ணாடித்தாள் பிரியாமல் இருந்தது. "அதக் கேக்கலயாடா?" என்றேன். "பரீட்சை இருக்குப்பா, கேக்கிறேம்பா" என்றான். "அந்தப் புள்ளக்கி நீங்க என்னமோ பண்ணிட்டீங்க" என்றாள் என் மனைவி. "வூடே சத்தமில்லாமப் போச்சு. அந்தத் தகர ஷீட்டு சத்தமே தேவலாம் போல இருக்கு."

2000 ஆகஸ்ட் 11 அன்று கோயம்புத்தூருக்குக் கல்லூரியில் சேரப் போனான். "போயிட்டு வரேம்பா." கேசட் மேசையிலேயே இருந்தது.

இடையில் அரியலூர் தனி மாவட்டம் ஆனது, மறு வருடமே பெரம்பலூரோடு மறுபடி சேர்ந்தது, 2007 இல் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு தடவையும் புள்ளிவிவரத் தாள்களையெல்லாம் கூட்டி, பிரித்து, கூட்டி நான்தான் செத்தேன். அந்த 2007 இலேயே ஓய்வு பெற்றேன். இப்போது எனக்கு எழுபத்தாறு வயது. என் மனைவி போய் ஒன்பது ஆண்டு ஆகிறது. இளங்கோ இருப்பது கடல் தாண்டி; ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறான், மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறான். குறை சொல்ல முடியாது. ரஹீம் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள், பாய் எங்கே என்று கேட்டால் "எந்த பாய்?" என்கிறார்கள். கேசட், பாஸ் பட்டன், விரலை உயர்த்தினால் அழுத்த ஒரு ஆள் என்பதெல்லாம் போய்விட்டது. மாடிப் போர்ஷனுக்கு நான் அப்புறம் ஆள் வைக்கவில்லை. படி பதினாறும் இருக்கின்றன. சிமெண்ட் புழுதி மட்டும் அன்றைக்குப் படிந்ததுபோலவே படிகிறது.

போன மாதம் பழைய டேப் ரெக்கார்டரை ஒரு பையனிடம் கொடுத்து பெல்ட் மாற்றினேன். திருச்சிக் கேசட்டின் கண்ணாடித்தாளை நானே பிரித்தேன். நாலாவது படிவரை ஏற முழங்கால் இடம் தரவில்லை, முதல் படியில் உட்கார்ந்தேன். முப்பத்தொன்றாம் நம்பர் வந்தது. லீடு வந்தபோது கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டேன். ஏன் தட்டவில்லை என்று எனக்கும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டான். மாத்திரை போட்டேன் என்றேன். பிறகு சொன்னேன்: "முப்பத்தொன்னாம் நம்பர் பாட்ட முழுசாக் கேட்டேன். நீ சொன்னதுதான் சரி. வாசிப்புக்கு அறுபது போட்டிருக்கணும்."

நான் காத்திருந்தேன். இல்லப்பா, அறுபது ஜாஸ்தி, மெட்டு இல்லாம லீடு எங்க நிக்கும் என்று அவன் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னால் போதும், நாற்பது நிமிடத்துக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது.

"சரிப்பா" என்றான்.

போனை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். 1997 ஜூலை 21 முதல் அவன் கல்லூரிக்குக் கிளம்பியதற்கு முந்தைய நாள் வரை ஆயிரத்து நூற்றுப் பதினேழு நாள். நாளொன்றுக்கு நாற்பது நிமிடம். ஒரே வீட்டில் இருந்த நாட்களை மட்டும்தான் கூட்டியிருக்கிறேன், பிறகு வந்தவற்றைச் சேர்க்கவில்லை. பதினேழு நிமிடம் நாற்பது நொடியை மிச்சம் பிடித்ததில் எனக்கு ஆன செலவு, எழுநூற்று நாற்பத்து நான்கு மணி நாற்பது நிமிடம்.